செடிக்குப் போன திராட்சரசம்

சித்தூரில் எங்கள் ஆலயத்தில் இப்போது திருவிருந்துக்கு ஆளுக்கொரு சின்னக் கோப்பை தருகிறார்கள். சுத்தத்துக்காகவாம். கோப்பையிலிருந்து வந்த திராட்சரச வாசனை என்னை எழுபதுகளுக்கு இழுத்துப் போனது.

அப்போது எல்லாருக்கும் ஒரே வெள்ளிக் கிண்ணம். பெரிய வீட்டுக்காரர்கள் முதலில் குடிப்பார்கள். சேரிக்காரர்கள் நாங்கள் கடைசி. மிஞ்சியதைப் போதகர் குடித்து முடிக்க வேண்டும். அவரோ அதை வெளியே கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடியில் ஊற்றுவார்.

திருவிருந்து வாங்கும் வயசு வராத நான் அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன்.

"மண்ணுல ஊத்தறதும் முறைதாம்மா. கோயில்ல வேவு பாத்துக்கினு திரியாத" என்றார்.

ஒரு ஞாயிறு எங்கள் ஆட்கள் வரதய்யபாளையத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அப்பா மட்டும் இருமலோடு, கிண்ணத்துக்குப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அன்று மிஞ்சியதைப் போதகர் பீடத்திலேயே சொட்டு விடாமல் குடித்தார்.

"நைனா, இன்னிக்கு செடிக்கு தாகமே இல்லியா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

அடுத்த திருவிருந்தில் அப்பா முதல் ஆளாகப் போய் மண்டியிட்டுக் குடித்தார். அதன்பிறகு பெரிய வீட்டார் ஒருவரும் பெஞ்சை விட்டு எழவில்லை. எங்கள் ஆட்கள் குடித்தது போக மிச்சமெல்லாம் செடிக்குப் போனது.

சுத்தத்துக்காக என்பவர்கள் வேறு யாரிடமாவது போய்ச் சொல்லட்டும்.