திருவெள்ளறைக் குளமும் மெஹருன்னிசாவும்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தபோது சலீமின் அழைப்பு வந்தது. மெஹருன்னிசாவின் தம்பி. "அக்கா, மெஹரக்கா காலைல மவுத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம். நீங்க முன்னாடியே வந்துடுங்க" என்றார். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் வாங்கிய காய்கறிப் பையை ஸீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கி, பாலக்கரைக்கு ஆட்டோ பிடித்தேன். பை நினைவுக்கு வந்தது மறுநாள்தான்.

மெஹருன்னிசா எங்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். தவளைகள் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன, அவற்றின் தோலைத் தாக்கும் பூஞ்சைநோய் எப்படிப் பரவுகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. நான் நுண்ணுயிரியல் துறை. ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எழுத்தில் ‘அவர்’ என்கிறேன். நேரில் எங்களுக்குள் வா, போ பேச்சுதான். அவரை அறிந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய தந்தை தோல் வியாபாரம் செய்தவர். "எங்க அத்தா ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அந்த மாடு நோயில கிடந்துச்சா இல்லையான்னு சொல்லிடுவார். நான் உசிரோட இருக்கிற தோலைப் பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். தவளை தோலால் தண்ணீர் குடிக்கிறது, தோலாலும் மூச்சு விடுகிறது. அந்தத் தோலில் பூஞ்சை பிடித்தால் உடம்பின் உப்புச்சத்து குலைந்து இதயம் நின்றுவிடும். இதைப் புதிதாக வருகிற மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பதற்றம் இருக்கும். எத்தனை வருடமானாலும் அது தணிந்ததில்லை.

திருவெள்ளறைக்கு அப்பால் தங்கராசு என்கிற விவசாயியின் வயலை ஒட்டி ஒரு குளம். சுற்றிலும் நெல், கரையில் நாலு கருவேல மரம். நான்கு வருடங்களாக அங்கே போய்வந்தோம். தவளையைப் பிடித்து, பஞ்சுக் குச்சியால் அடிவயிற்றையும் தொடையையும் மெல்லத் துடைத்து எடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவோம். ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. குச்சிகளை நான் ஆய்வகத்தில் சோதிப்பேன். அந்தக் குளத்தில் நோய் இருந்ததே இல்லை. முதல் மழைக்கு ஆண் தவளைகள் மஞ்சளாக நிறம் மாறிக் கத்துவதைப் பார்க்க, வேலை இல்லாத நாளிலும் மெஹர் போய் நிற்பார். தங்கராசு சிரிப்பார். "டீச்சரம்மாவுக்கு இது கச்சேரி மாதிரிங்க."

ஒரு ஐப்பசியில் பச்சைமலை ஓடைகளில் இரண்டு நாள் வேலை செய்தோம். ஓடைத் தவளைகள் சிலவற்றில் பூஞ்சை இருந்தது பிறகுதான் தெரியவந்தது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகுமுன் பூட்ஸையும் வலையையும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். அது மெஹரின் கண்டிப்பான விதி. கழுவுவது என் பொறுப்பு. மலையிலிருந்து திரும்பிய அன்றைக்கு என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வீட்டிலிருந்து ஓயாமல் போன். குழாயைத் திறந்து சேறு போகக் கழுவி, ஈரத்தோடு ஜீப்பில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை அதே பூட்ஸோடு திருவெள்ளறைக் குளத்தில் இறங்கினோம்.

தை மாதம் தங்கராசு போன் செய்தார். "பகல்லயே தவளைங்க கரையில வந்து கெடக்குதுங்க. கிட்டப் போனாலும் ஓட மாட்டேங்குது." போனோம். காலை வெயிலில், பின்னங்காலை நீட்டிக்கொண்டு, தோல் உரிந்து கிடந்தன. மெஹர் ஒன்றை மல்லாக்கப் போட்டார். அது திரும்பவில்லை. திரும்பக்கூட முயலவில்லை. கரையில் மண்டியிட்டபடியே அவர் கேட்டார்: "வசந்தா, மலைலேர்ந்து வந்தப்போ பூட்ஸைக் கழுவினோம்ல?"

"கழுவினேன்" என்றேன்.

தண்ணீரில் கழுவியதும் கழுவியதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோதனை முடிவு நான் பயந்தபடியே வந்தது. மெஹர் வேறு காரணங்களைத் தேடினார். மீன் குஞ்சு ஏற்றிவந்த லாரி, வாய்க்கால் தண்ணீர், கொக்கின் கால். கல்லூரி அருங்காட்சியகத்தில், பல வருடத்துக்கு முன்பு அந்தப் பக்கத்தில் பிடித்துச் சீசாவில் போட்டுவைத்த தவளைகளை எடுத்து, தோலை மெல்லச் சீவி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நோய் முன்பே இருந்ததற்கு அடையாளம் கிடைக்கவில்லை. "இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது" என்றார். ஒரு மாதம் கண் வலிக்க அவர் தேடியதைப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பத்து மாதம் கழித்து, ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பார்க்கும்படி கொடுத்தார். ‘ஒவ்வொரு இடத்துக்கும் போகுமுன் கருவிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன’ என்று ஒரு வரி. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஆய்வகத்திலேயே சொன்னேன். எல்லாவற்றையும். பெண் பார்க்க வந்தது உட்பட.

திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் அலமாரியிலிருந்து கள நோட்டை எடுத்து என் முன் வைத்தார். "மறுநாள் திருவெள்ளறை. அந்த வாரம் அதே பூட்ஸோட வேற எங்கெங்க இறங்கினோம்? ஞாபகப்படுத்திச் சொல்லு."

இரண்டு ஊர்ப் பெயர்களைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். பேனாவை மூடும்போது மட்டும், "தப்பு எல்லாருக்கும் வரும்ப்பா. இந்தப் பத்து மாசத்தை ஏன் எங்கிட்டேர்ந்து எடுத்துக்கிட்டே?" என்றார்.

அந்த இரண்டு குளங்களுக்கும் மறுநாளே போனோம். நல்லவேளையாக நோய் இல்லை. மூன்றாம் நாள் தங்கராசுவைப் பார்க்கப் போனோம். "நான் சொல்றேன். நீ பக்கத்துல நில்லு" என்றார் மெஹர். நோய் எங்கள் பூட்ஸிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை தங்கராசு மண்வெட்டியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மனுசருக்கு ஒட்டுமா?"

"ஒட்டாதுங்க."

"திரும்ப வருமா, தவளைங்க?"

"தெரியலைங்க. வெயிலுக்கு அந்தப் பூஞ்சை அடங்கும். தப்பிச்சது இருந்தா வரலாம்."

தங்கராசு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். "பூச்சி மருந்தடிச்சாத் தவளை செத்துப்போகும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். உங்க பேச்சைக் கேட்டு மருந்தைக் குறைச்சேன். இனிமே குளத்துல இறங்காதீங்கம்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை.

மெஹர் இறங்கவில்லை. வாரம் ஒருமுறை, பொழுது சாயும் நேரத்தில், வயலுக்கு வெளியே ரோட்டோரம் நின்று, தவளைச் சத்தம் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு திரும்புவார். நானும் கூடப் போவேன். ஆறேழு வாரம் கழித்துத் தங்கராசுவே வரப்புவரை வந்து, "கரையில வந்து நில்லுங்க, இங்க லாரி சத்தத்துல என்ன கேக்கும்" என்றார்.

கட்டுரையில் அந்த வரியை மெஹர் மாற்றி எழுதினார்: ‘ஒருமுறை நாங்கள் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யவில்லை. நோய் எங்களால் வந்திருக்கக்கூடும்.’ கழுவாதது நான் என்று என் பெயரைப் போடச் சொன்னேன். "குளத்துல ரெண்டு பேரும்தானே இறங்கினோம்" என்று முடித்துவிட்டார். அதன் பிறகு ஒரு கூட்டத்தில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, "காப்பாத்தப் போன நீங்களே கொன்னுட்டீங்களே மேடம்" என்றார். சிலர் சிரித்தார்கள். மெஹர் மைக்கைப் பிடித்து, "ஆமா சார். நீங்க உங்க பூட்ஸைக் கழுவணும்னுதான் இதை எழுதினேன்" என்றார். அடுத்த வருடம் அவருடைய ஆராய்ச்சிக்கு நிதி நீட்டிக்கப்படவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை.

போன மாதம் மருத்துவமனையில் பார்த்தேன். முடியெல்லாம் கொட்டி, தலையில் வெள்ளைத் துணி. "குளத்துக்குப் போனியா?" என்றார். போயிருந்தேன். நல்ல மழைக்குப் பிறகு, தவளைச் சத்தம் கேட்டிருக்க வேண்டிய நாள். ‘ஒன்றிரண்டு கேட்டது’ என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது.

"ஒண்ணும் கேக்கல, மெஹர்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். "எழுதிட்டியா?" என்றார்.

"எழுதிட்டேன்."

"சரி."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

துக்க வீட்டில், வாசலில் நின்றிருந்த எங்கள் கல்லூரிக்காரர் ஒருவர், "எவ்வளவு கெட்டிக்காரங்க. அந்த ஒரு கவனக்குறைவு மட்டும் இல்லேன்னா எங்கயோ போயிருப்பாங்க" என்று வருத்தப்பட்டார். உள்ளே மெஹரைக் கிடத்தியிருந்தார்கள். அப்போதும் நான் சும்மா இருந்தேன். அதனால் இங்கே சொல்கிறேன். கட்டுரையில் இருக்கும் அந்த ‘நாங்கள்’ என்பதில் மெஹருன்னிசா இல்லை. கழுவாதவள் நான். கழுவினேன் என்று சொன்னவளும் நான்.

அவருடைய கள நோட்டைச் சலீம் என்னிடம் கொடுத்துவிட்டார். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த நோட்டும், உள்ளதை உள்ளபடி அதில் எழுதும் வேலையும்தான். போன வியாழக்கிழமை சாயங்காலம் கரையில் போய் நின்றேன். தங்கராசுவும் வந்து பக்கத்தில் நின்றார். இருட்டும்வரை இருவரும் காதுகொடுத்துக் கேட்டோம். தேதியைப் போட்டு, ‘சத்தம் இல்லை’ என்று எழுதினேன்.