திரையில் வைத்த குங்குமம்

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைப்பேன். என் கணவரின் அண்ணன், மூத்தார், மனம் புண்படுமே என்று பேனாவை மூடி வைத்துவிடுவேன். இப்போது அவரும் பெருமாள் திருவடி சேர்ந்துவிட்டார். நான் அதிகம் படித்தவள் இல்லை. கோயில் தாயார்மேல் பாரத்தைப் போட்டுத் தொடங்குகிறேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டருகே உள்ள நூலகத்தில், ஒரு கம்ப்யூட்டர் திரையின் நடுவே, ஒரு நெற்றி வரும் உயரத்தில் ஒட்டியிருந்த குங்குமம்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வைத்தது மூத்தாரின் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஒரே மகன், வீட்டில் கேட்காமல் பாலக்கரைப் பெண் ஒருத்தியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு மஸ்கட் போய்விட்டான். மூத்தார் பூஜை அறையில் சூடம் ஏற்றி, "இனிமே அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்னு அணைச்சு சத்தியம் பண்ணு" என்று அக்காவை நிறுத்தினார். அக்கா உள்ளங்கையால் அணைத்தார். புருஷனை ஏமாற்றலாம், பெருமாளை முடியுமா? அதன்பிறகு மகன் போன் செய்தால், அது அடித்து ஓயும்வரை மடியிலேயே வைத்துக்கொண்டிருப்பார்.

நூலகத்தில் 'இணையம் இலவசம்' என்று பலகை வைத்த சமயம் அது. பக்கத்திலேயே 'அமைதி காக்கவும்' என்று பழைய பலகை. கோயிலுக்குப் போகும் வழியில் நான் வாசித்துச் சொன்னதும் அக்கா நின்றுவிட்டார். "ஏன்டி, அப்ப இங்க யாருமே பேசக் கூடாதுல்ல? நான் சத்தியம் பண்ணது வாய்க்குத்தானே, கண்ணுக்கு இல்லையே!"

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் தாயாரைச் சேவித்துவிட்டு நேரே நூலகம். நூலகர் அம்மா, அக்காவின் மகனைத் திரையில் வரவைத்துக் கொடுப்பார். ஸ்பீக்கர் கிடையாது. அங்கே அவன் உதடு 'அம்மா' என்று அசையும். இங்கே அக்கா தலையாட்டுவார். சந்நிதிப் பூவைக் காட்டுவார். அவன் சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவான். குழம்பு தண்ணியாக இருக்கிறதென்று இவர் கையால் ஜாடை காட்ட, பின்னாலிருந்து மருமகள் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். கிளம்பும்போது பிரசாதக் குங்குமத்தைத் திரையிலேயே அவன் நெற்றியில் வைத்துவிடுவார்.

"உங்க பிள்ளை நெத்தியத் தொடைக்கறதே எனக்கு வேலையாப் போச்சுங்க" என்பார் நூலகர் அம்மா.

"வெறும் நெத்தியா இருக்கானே மேடம், அந்த ஊர்ல யாரு வச்சு விடுவா?"

அக்கா படுத்த படுக்கையானபோது, மகன் கூப்பிட்ட போனை அவர் காதருகே கொண்டுபோனேன். வேண்டாம் என்று கையால் வாயைப் பொத்திக் காட்டினார். அவனுக்கு விடுப்பு கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை மூத்தார் என்னிடம், "அவ எங்க போவான்னு எனக்குத் தெரியும்மா. கோயில்லேர்ந்து அப்படிச் சிரிச்சுக்கிட்டா வருவாங்க? என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார். அக்கா கடைசியாக வைத்த குங்குமத்தை நூலகர் அம்மா துடைத்திருக்கவில்லை. மகன் திரையில் வந்தான். "பேசுங்க சார், இன்னிக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் நூலகர் அம்மா. ஒரு சத்தியமும் செய்யாத மூத்தாருக்குப் பேச வாய் வரவில்லை. மகன் அழுதுகொண்டே திரையை நோக்கிச் சாய்ந்தான். அவன் நெற்றி அந்தக் குங்குமத்தடியில் வந்து நின்றது.

இன்று எல்லோர் கையிலும் போன். அவனும் என்னோடு மணிக்கணக்காகப் பேசுகிறான். அந்தக் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் இப்போது நாளிதழ் அடுக்கியிருக்கிறார்கள். சேவித்துவிட்டு வரும்போது உள்ளே போய்ச் சற்று நேரம் உட்காருவேன். அக்கா பக்கத்தில் இருந்து, ஒன்றும் பேசாமல் கழியும் ஒரு வெள்ளிக்கிழமை இனி கிடைக்குமா?

சொந்தக்காரர்கள் சிலர் இந்தக் கதையில், கடைசி நேரத்தில் அக்கா மகனிடம் பேசிவிட்டதாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். பிறருக்குச் சொல்வதானால் அப்படிச் சொல்லாதீர்கள். அக்கா பேசவில்லை. குங்குமம்தான் வைத்தார்.