பீலியைப் பார்த்த கேமரா

கோழிகள் களவு போனதால், கடையில் வாங்கிய கேமராவை நானே கூரை ஓரத்தில் பொருத்தினேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் என் வீட்டில் மட்டுமே வைஃபை. கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்ட் கொடுத்திருந்தேன். மறந்துவிடக்கூடாதென்று கேமராவுக்கும் அதையே வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் பக்கத்து வீட்டுச் செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நாங்க பீலியில குளிக்கிறது ஒங்க கேமராவுல தெரியுதாமே? லயத்துல யாரு போன்லயும் பாக்கலாமாம்."

போனைத் திறந்தேன். நான் தினமும் கோழிகளை மட்டுமே பார்த்த படத்தில், கோழிக்கூட்டுக்குப் பின்னால், ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பீலி தெளிவாகத் தெரிந்தது. என் மனைவியும் அங்கேதான் குளிக்கிறாள். 

அன்றே கேமராவைக் கழற்றி, வேறு பாஸ்வேர்ட் போட்டு, கூட்டுக்குள் மாட்டினேன். இப்போது அதில் கோழிகள் மட்டும்தான். ஆனாலும் பீலிக்கு வரும் பெண்கள் முதலில் என் கூரையைத்தான் பார்க்கிறார்கள்.