பளபளக்கும் என் கிடாரும் பாழாய்ப்போன மச்சினனும்

இதை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

நானும் என் மச்சினன் செல்வமும் கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிடார் வாசிப்பவர்கள். இரண்டு கிடாரும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. கீறல் விழக்கூடாதென்று வாட்சைக் கழற்றி, பெல்ட் பக்கிளை ஓரமாகத் தள்ளி, கை கழுவிய பிறகே என்னுடையதைத் தொடுவேன். பாண்டிய இளவரசிக்குக்கூட இந்த மரியாதை கிடைத்திருக்காது.

பாலிஷ் தேயாமலிருக்க, கை உரசும் இடத்தில் ட்ரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று இன்று இருவரும் ஆரப்பாளையத்தில் ஒரு பைக் ஸ்டிக்கர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் செல்வத்தின் கிடாரை வாங்கிப் பார்த்தார். பெயின்ட் போய் மரமே தெரிந்தது. தெப்பக்குளம் அளவுக்குச் சொட்டை!

"அடேங்கப்பா! எம்புட்டு கச்சேரி வாசிச்சிருந்தா இப்படித் தேஞ்சிருக்கும்! இதுல போயி ஸ்டிக்கர ஒட்டாதீங்கண்ணே" என்று கும்பிடாத குறையாகத் தடவிக்கொடுத்தார்.

பிறகு என்னுடையதைப் பார்த்தார்.

"அண்ணே இப்பத்தான் கத்துக்கிறீகளோ?"

என் வயிறு எரிந்த சூட்டில் வைகையில் மிச்சமிருந்த தண்ணீரும் ஆவியாகிப் போனது.

"வாசிக்க வாசிக்கத் தானா தேஞ்சிரும், மச்சான்" என்று ஆறுதல் வேறு சொன்னான் செல்வம்.

சரி, வைகை சமாச்சாரம் பொய். தெப்பக்குளமும் கொஞ்சம் கூடுதல்தான். ஸ்டிக்கர் ஒட்டாமல், வரும் வழியில் உப்புத்தாள் வாங்கிவந்தது மட்டும் உண்மை.

எந்த இடத்தில் தேய்த்தால் இயல்பாகத் தெரியும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். செல்வத்தை டேக் செய்பவரோடு இந்த ஜென்மத்தில் பேச மாட்டேன்.