ஓட்டை விழுந்த மாளிகைகள்

கைபேசியில் ஓடும், ஒரு நடிகையின் புது வீட்டு வீடியோவைக் கட்டைவிரலால் நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார் திரைச்சீலை தைக்கும் அக்கா. நடிகையைப் பார்க்க அல்ல. அவளுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையைப் பார்க்க.

"அடிமடிப்பு இழுத்துக்கிட்டு நிக்குது பாரு தம்பி. இவ்வளவு கொட்டி வீடு கட்டி என்ன? எங்கிட்ட குடுத்திருந்தா நேரா நிக்கும்."

அவர் உதட்டில் எப்போதும் இரண்டு குண்டூசிகள். பேச்சு அவற்றின் இடுக்கு வழியாகத்தான் வரும். பக்கத்துக் கடையில் பூட்டு பழுதுபார்க்கும் நான், "பணக்காரங்க வீட்டைப் பாத்து நமக்கு என்னக்கா ஆகப்போகுது?" என்று சீண்டினால், "உனக்குப் பூட்டின வீடு மட்டும்தானே தெரியும், போடா" என்பார்.

ஒருநாள் துணிக்கட்டுக்கு அடியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். சிறுவயதில் அவருக்கும் தங்கைக்கும் சேர்த்து வாரம் ஒரே சினிமாப் பத்திரிகை. சண்டை வராமலிருக்க, அதில் வரும் நட்சத்திர வீட்டுப் படங்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்: நடிகை தங்கைக்கு, வீடு அக்காவுக்கு. தங்கை கத்தரியால் ஆளை வெட்டி எடுத்துக்கொள்வாள். மிச்சத்தை இவர் மேல் ஓரம் மட்டும் பசை தடவி நோட்டில் ஒட்டிவைப்பார். பளிங்குப் படி, சரவிளக்கு, பட்டுத் திரை, நடுவில் பெண் வடிவில் ஓட்டை. மழை நாட்களில் கட்டிலில் குப்புறப் படுத்து, காகித நடிகையை மாளிகைக்குள் பொருத்தி, "டிரைவர், காரை எடு!" என்று இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

அம்மாவின் சாவுக்குத் தங்கை பிந்தி வந்தாள். "விருந்தாளி வந்தாச்சா?" என்று இவர் கேட்டார். அதோடு பேச்சு நின்று ஏழு வருடம். ஆனாலும் வெள்ளிதோறும் தங்கையிடமிருந்து ஏதாவதொரு நட்சத்திர வீட்டு வீடியோ வந்துவிடும். கூட ஒரு எழுத்து இருக்காது. இவரும் பதில் போடமாட்டார். கடைசி நொடி வரை பார்ப்பார்.

மூன்று வெள்ளியாக ஒன்றும் வரவில்லை. அக்கா ஒரே ஜன்னலுக்கு இருமுறை அளவைத் தப்பாக எடுத்தார்.

"உடம்பு கிடம்பு சரியில்லையோ அவளுக்கு?"

"ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

நேற்றுக் காலை, நோட்டில் ஓட்டை விழுந்த பக்கமொன்றைப் படமெடுத்து அனுப்பினார். மதியத்துக்குள் பதிலுக்கு ஒரு படம் வந்தது: சுருக்கம் விழுந்த உள்ளங்கையில், மஞ்சளேறிய காகித நடிகை.

அக்கா உதட்டு ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தார். படத்தை இரு விரலால் சுருக்கினார், விரித்தார், மறுபடி கொஞ்சம் சுருக்கினார். பிறகு கைபேசியை, நோட்டில் ஒட்டிய அந்த மாளிகைத் தாளுக்கு அடியில் நுழைத்து, ஓட்டைக்கு நேராக மெல்ல நகர்த்தினார்.