கூரையில் பச்சையப்பன்

உலகநாதனுக்கு லேத்தில் இரும்பு கடையத் தெரியும், சண்டை போடத் தெரியும், சலாம் போட மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. அந்த வராத வேலையைத்தான் மச்சினன் தினகரன் தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். திருமுல்லைவாயிலிலேயே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு, கேட்டில் செக்யூரிட்டி. நீலச் சட்டை, தொப்பி, விசில் என்று சகலமும் வீட்டு ஆணியில் தொங்கின. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் மிஷின் வந்து இறங்கியதும், "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று சிரித்தபடி இவனை வீட்டுக்கு அனுப்பினானே ஒரு மேனேஜர், அந்த மகராசனின் கார் நுழைவதும் இதே கேட்டில்தான். அவனுக்கு எழுந்து நின்று கை தூக்குவதற்குப் பதில் கோயில் வாசலில் துண்டு விரித்துவிடலாம் என்று உலகநாதன் வீடு அதிரக் கத்தினான்.

அவன் மனைவி வனஜா கத்துகிற ரகமில்லை. தையல் மிஷினை நிறுத்தாமலே தீர்ப்பைச் சொன்னாள். உன் ஆசைப்படி வண்டியைக் கட்டிக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் போணி ஆகவில்லையென்றால் திங்கட்கிழமை அந்தச் சட்டையை மாட்டிக்கொள். அவ்வளவுதான்.

வண்டி என்றால் சைக்கிள் ரிக்‌ஷா. அதெல்லாம் மலையேறிப் போய் எத்தனை காலமாச்சு என்று தெருவே சிரித்தது. ஆனால் உலகநாதன் கணக்கு வேறு. சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி, மூடாமலே போய்விட்ட புண்ணியவான்களால் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாலிருக்கும் உள்தெருக்களுக்கு எந்த ஆட்டோவும் வருவதில்லை. காய்கறிப் பையோடு இறங்குகிற ஜனம் சேற்றில் நடந்துதான் வீடு போய்ச் சேர வேண்டும்.

காயலாங்கடையில் சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றின் பழைய அடிச்சட்டம் கிடைத்தது. பள்ளிக்கூட வேன் ஒன்றிலிருந்து கழற்றிய சீட் கிடைத்தது. பின்சக்கரத் தண்டை, தெரிந்தவன் பட்டறையில் கெஞ்சி இடம் வாங்கி, தானே கடைந்தான். இரண்டு பின்சக்கரத்தையும் இறுக்கிவிட்டால் வண்டி திரும்பும்போது முரண்டு பிடிக்குமாம். அதனால் ஒன்றுதான் இழுக்கும், இன்னொன்று சும்மா கூட உருளும் என்று வனஜாவிடம் விளக்கினான். "நம்ம ஊடு மாதிரின்னு சொல்லு" என்றாள் அவள், மிஷினை மிதித்துக்கொண்டே.

கூரைக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் மின்கம்பத்தில் கிழிந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரை அவிழ்த்து வந்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் செத்துப்போன பச்சையப்பனுடைய பேனர். பாட்டன் நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்று, அந்தக் காசில் புல்லட் வாங்கி, ஊரைக் கிடுகிடுக்க வைத்தவர். கூலிங் கிளாஸ், முறுக்கு மீசை, தலைக்கு மேலே 'இமயம் சரிந்ததே' என்று கொட்டை எழுத்து. செத்தவர் முகத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டு ஓட்டினால் போணியாகுமா? உலகநாதன் புத்திசாலி. பேனரைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய இழுத்துக் கட்டிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஸ்டேஷன் வாசலில் நின்றான். ஜனம் வந்தது. அதில் குறையே இல்லை. ஏறி உட்கார்ந்தார்கள், சாய்ந்தார்கள், அப்படியே அண்ணாந்து பார்த்தார்கள், இறங்கிவிட்டார்கள். கைக்குழந்தையோடு ஏறிய பெண் குழந்தையின் தலையைச் சுற்றி நெட்டி முறித்துவிட்டுப் போனாள். ஐடி பையன் ஒருத்தன் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கினான். உலகநாதன் சீட்டை அமுக்கிப் பார்த்தான், செயினுக்கு எண்ணெய் விட்டான், பெல்லை மாற்றினான். எல்லாவற்றையும் நூல் பிடித்து அளந்த மனுஷன், பின்னால் ஏறி ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கவில்லை. லேத்துக்காரனுக்கு எப்போதும் மிஷினுக்கு முன்னால் நின்றுதான் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தினகரன் வேடிக்கை பார்க்க வந்தான். வந்தவன் சீட்டில் சாய்ந்தான், மேலே பார்த்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, பொணத்துக்குக் கீழ ஒக்கார வெச்சிகினு போணி கேட்டா எவன் குடுப்பான்? காலீல சீக்கிரமா வந்துடு. டூட்டி ஆறு மணிக்கு."

உலகநாதன் தலையை உள்ளே நீட்டி அண்ணாந்தான்; கூலிங் கிளாஸோடு பச்சையப்பன் நேரே சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. இரண்டு நாளும் வந்த கிராக்கியையெல்லாம் தானே விரட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. கூரைக் கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தான். அந்த நேரம் பார்த்து, இரண்டு கையிலும் பையோடு ஸ்டேஷனிலிருந்து வந்து நின்றவள் ஞானம்மாள். பச்சையப்பனின் பெண்டாட்டி.

உலகநாதன் சட்டென்று சீட்டை மறைத்துக்கொண்டு நின்றான். வண்டி பஞ்சர் என்றான். டயரை அமுக்கிப் பார்த்த ஞானம்மாள், கல்லு மாதிரி கீது, மிதி என்று சொல்லி ஏறிவிட்டாள். தினகரன் மெல்ல நழுவினான். உலகநாதன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடி எப்போது விழும் என்று முதுகை இறுக்கிக்கொண்டு மிதித்தான்.

இரண்டாவது தெருவில்தான் குரல் வந்தது. இவனிடம் அல்ல, கூரையிடம்.

"புல்லட்டு வாங்கி எத்தினி வருசம் ஓட்டின? ஊர்ல கீறவன எல்லாம் பின்னாடி ஏத்தின. ஒரு நாளு என்ன ஏத்தினியா? பஸ்ல வா பஸ்ல வான்னுட்டு நீ பாட்டுக்குப் போன. இப்ப பாத்தியா, யாரு வண்டில யாரு தொங்கிகினு வராங்கன்னு?"

அப்புறம் மடை திறந்தது. அவளோடு நேரே பேசாமல் மாமியார் மூலமாகவே பேசியது, மகள் கல்யாணத்தில் குடித்துவிட்டு விழுந்தது, ஆஸ்பத்திரியில்கூட கஞ்சி சூடாக இல்லை என்று தட்டைத் தள்ளியது, ஒன்று விடாமல் வந்தது. நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்து, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி தொடர்ந்தது. வீட்டு வாசல் வந்ததும் உலகநாதன் பிரேக் பிடித்தான்.

"இன்னாத்துக்கு நிறுத்தன? இன்னும் முடியல. கோயில் தெருவைச் சுத்திகினு வா."

சுற்றி வந்தான். ஞானம்மாள் இறங்கி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தூரத்துக்கு உண்டான கூலிக்கு மேலேயே கையில் வைத்தாள். பேனரைக் கழற்றிவிடுகிறேன் அக்கா, மன்னித்துவிடு என்றான் அவன்.

"கையி வெச்சே, அவ்ளோதான். நாளைக்கும் வா. அவுரு உசுரோட இருக்க சொல்லோ எங்க பேச உட்டாரு?"

திங்கட்கிழமை ஆறு மணி டூட்டிக்கு ஆள் போகவில்லை. ஆணியில் தொங்கிய நீலச் சட்டையை வனஜா கத்தரித்து, கூரைக்கு உட்புறம் ஒரு திரையாகத் தைத்துக் கொடுத்தாள். மற்ற கிராக்கி ஏறும்போது திரை மூடியிருக்கும். சாயங்காலம் ஞானம்மாள் ஏறினால் மட்டும் திறக்கும்.

அப்படித் திறக்கும்போதெல்லாம், தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உலகநாதன் கூலிங் கிளாஸ் போட்ட பச்சையப்பனுக்கு ஒரு சலாம் வைக்கிறான்.