வெயில் திறந்துவிட்ட ஆறு

கடந்த ஆண்டு ஜூன் மாத நடுவில், இமாசலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் நடந்தது இது. நாள் நன்றாக நினைவிருக்கிறது. மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் இன்னும் கல்லணைக்கு வந்து சேரவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் ஒன்று.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். எங்கள் இயற்கை மன்ற மாணவர்கள் ஐந்து பேர் வடகோடி மலைகளில் காட்டு விலங்குகளைப் பார்க்கக் கிளம்பியபோது, துணைக்கு ஓர் ஆசிரியை வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பகுதியைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன்.

ஓர் ஓடைக்கரையில் கூடாரம் போட்டிருந்தோம். அன்று காலை மாணவர்களில் ஒருவனுக்குத் தலைவலி. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவன். உள்ளூர் வழிகாட்டிப் பெண் அவனோடு தங்கிக்கொண்டு, எங்களை ஓடைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியும் பாறைவரை மட்டும் போய்வரச் சொன்னாள். மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்றாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். குதித்துக் குதித்தே தாண்டிவிட்டோம்.

பாறைக்கு மேலே ஐபெக்ஸ் எனும் மலைக்காட்டாடுகள் ஒரு கூட்டமாக நின்றன. ஒவ்வொரு கொம்பும் கதிர் அறுக்கும் அரிவாளைப் பெரிதாக்கி வைத்ததுபோல் வளைந்திருந்தது. நிற்க இடமே இல்லாத செங்குத்துச் சரிவில் அவை சாவகாசமாகப் புல் மேய்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்தோம். மதியமானது.

“கிளம்பலாமாப்பா?” என்றேன்.

“இருங்க மேடம். வானத்துல பொட்டு மேகம் இல்ல. மழையில்லாம தண்ணி எங்கேருந்து வரப்போகுது? இங்க யாரு வந்து மதகைத் திறக்கப் போறாங்க?” என்றான் திருவாரூர்ப் பக்கத்து மாணவன். அவன் வீட்டில் கடைமடை நிலம். எனக்கும் அது சரியாகவே பட்டது. அணையில் திறந்தால் செய்தி வரும், முறை வைத்தால் நாள் சொல்வார்கள், அதன்பிறகுதான் தண்ணீர் வரும். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைத் தவிர வேறு கணக்கு தெரியாது.

திரும்பி வந்தபோது ஓடையைக் காணோம். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. உச்சிவெயிலில் மேலேயுள்ள பனி உருகி, மொத்தமாக இறங்கி வந்திருந்தது. அக்கரையில் நின்று வழிகாட்டி கத்துவது ஒன்றும் கேட்கவில்லை. கூடாரத்தைக் காட்டினாள், பிறகு நெஞ்சில் கையை வைத்து, மூச்சு வாங்குவதுபோல் வேகமாக ஏற்றி இறக்கிக் காட்டினாள்.

திருவாரூர்க்காரன் முகம் வெளுத்துவிட்டது. படுத்திருப்பவன் அவனுடைய அறைத்தோழன். காலையில் தானும் வருவதாக நினைத்து, இன்ஹேலரை இவன் பையில்தான் போட்டிருந்தான்.

“நான் வெண்ணாத்துல நீந்துனவன் மேடம், போயிருவேன்” என்று ஷூவைக் கழற்ற ஆரம்பித்தான்.

“லூசாடா நீ? காதைக் குடுத்துக் கேளு” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் அதிராம்பட்டினத்து மாணவி. கேட்டோம். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் தடதடவென்று வேறொரு சத்தம். ஆற்றின் அடியில் பாறைகள் உருண்டு போய்க்கொண்டிருந்தன. அவள் தன் ஊன்றுகோலைத் தண்ணீரில் குத்திக் காட்டினாள். அது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், சற்றுத் தள்ளி இரண்டாக முறிந்தது.

“எங்க ஊருக் கடல் மாதிரிதான் இதுவும். ஏத்தம்னா வத்தமும் உண்டு. இறங்குற வரைக்கும் உக்காரு.”

“அதுவரைக்கும் அவன் மூச்சு தாங்குமா?”

“நீ போவாத. மருந்தை அனுப்பு. ஹாஸ்டல் மேட்சுல பவுண்டரிலேருந்து எறியிறேன்னு பீத்திக்குவியே, இப்ப எறி.”

ஒரு காலுறையில் கல்லைப் போட்டு முடிந்து வீசிப் பார்த்தான். நடு ஆற்றில் விழுந்தது. இருந்தது ஒரே ஒரு இன்ஹேலர். அவன் அதைப் பையிலிருந்து எடுத்து உடனே கையை ஓங்கியதைப் பார்த்து அவள், “பதறாத. காத்து நின்னதும் எறி” என்றாள், இம்முறை கேலியில்லாமல். இன்ஹேலரைச் சட்டைத்துணியில் சுற்றி, எடைக்கு ஒரு கல்லோடு இன்னொரு காலுறையில் போட்டு முடிந்தான். காற்று அடங்கியதும் ஓடி வந்து வீசினான். அது அக்கரையின் விளிம்பில், ஈர மணலில் போய் விழுந்தது. வழிகாட்டி எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினாள்.

அதன்பிறகு எங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை. அவன் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தான். அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, ஓதுகிறாள் என்று புரிந்தது. காட்டாடுகள் ஒவ்வொன்றாகச் சரிவிலிருந்து இறங்கி, எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில், எங்களைப் போலவே ஆற்றைப் பார்த்து நின்றன. ஒன்றுகூடத் தண்ணீரில் கால் வைக்கவில்லை.

வெயில் சாய்ந்து மலைக்குப் பின்னால் போனது. குளிர் இறங்கியது. முதலில் பாறைகளின் சத்தம் நின்றது. பிறகு தண்ணீரின் இரைச்சல் தணிந்தது. நனைந்த கற்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரியத் தொடங்கின. யாரும் திறக்காமல் வந்த ஆறு, யாரும் மூடாமல் எங்கள் கண்ணெதிரே அடங்கிக்கொண்டிருந்தது.

அந்தி மங்கலில் கூடாரத்தின் துணி விலகியது. போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பையன் தானே வெளியே வந்து, கையில் இருந்த காலுறையை எங்களை நோக்கி ஆட்டினான். திருவாரூர்க்காரன் விம்மி அழுதுவிட்டான்.

“அந்த நாத்தத்துலயே எந்திரிச்சிருப்பான்” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முதலில் ஆடுகள் கடந்தன. பிறகு வழிகாட்டி பிடித்துக்கொண்ட கயிற்றைப் பற்றி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நாங்கள் கடந்தோம்.

தண்ணீர் என்றால் யாரோ தேதி சொல்லித் திறந்துவிடுவது என்றே இத்தனை காலம் நினைத்திருந்த எனக்கு, கல்லணையில் மதகு உயரும்போதெல்லாம், ஆளில்லாத அந்த மலையில் வெயில் திறந்துவிட்டுக் குளிர் மூடிய ஆறு கண்முன் வந்து நிற்கிறது. கை தானாகக் குவிந்துவிடுகிறது.